பெற்றோருக்குப் புருஷகாரமாகும் பிள்ளை

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் புருஷகாரம் என்ற சொல்லுக்குத் தனியிடம் உண்டு. பிழை செய்த சேதநன் எம்பெருமானுடைய திருமுன்பு தானாகச் சென்று நிற்கத் துணியான். தன் வினைகளை எண்ணுந்தோறும் அவனுக்கு அச்சமே மிகும். அந்நிலையில் அவனுக்காகப் பரிந்து பேசி அவனைத் திருவடிகளில் சேர்ப்பிக்கின்ற பெரிய பிராட்டியாரின் செயலே புருஷகாரம் எனப்படுகின்றது. பிள்ளை லோகாசார்யர் அருளிய ஸ்ரீவசன பூஷணம் இதன் பெருமையைத் தன் தொடக்கப் பகுதியிலேயே விரித்துரைக்கின்றது. பூர்வாசார்யர்கள் இதற்கு அளித்த இடம் எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

இவ்வுலக வாழ்க்கையிலும் ஒருவருக்காக மற்றொருவர் பரிந்து நிற்கவேண்டிய நிலைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, பெற்ற தாய்தந்தையருக்காகப் பிள்ளை ஓர் அயல்நாட்டரசின் முன் நிற்பதாகும். பெருமாளை ஸேவிக்கத் திருவிழாவுக்கு வந்து கூடும் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ அமெரிக்காவில் வாழ்கின்றனர். பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பென்ஹில்ஸில் 1976-ஆம் ஆண்டிலேயே திருவேங்கடமுடையானுக்குத் திருக்கோயில் எழுந்துவிட்டது. தென்னாட்டுக் குடும்பங்கள் அங்கு வேரூன்றி இரண்டு தலைமுறை ஆகின்றது. பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரில் பெரும்பாலார் குறித்த காலத்தில் ஊர் திரும்பிவிடுகின்றனர். சிலர் திரும்பாமலே தங்கிவிடுகின்றனர்.

அவ்வாறு கெடு கடந்து தங்கிவிட்ட தாய்க்கோ தந்தைக்கோ, அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளை, நிரந்தரமாக வாழும் உரிமையாகிய கிரீன் கார்டு கோரி மனுச் செய்வது தர்மமா என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி. சட்டத்தை மீறியவருக்கு உதவுவது அதர்மத்துக்குத் துணைபோவதாகாதா என்று கேட்பவர் உண்டு. சட்டமே வழி விட்டிருக்கும்போது குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பாரும் உண்டு. இவ்விரு கூற்றிலும் பாதி உண்மை இருக்கின்றது. புருஷகாரத்துக்கு ஆசார்யர்கள் வகுத்த இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்கினால் மற்றப் பாதியும் தெளிவாகும்.

கெடு கடப்பது எவ்வாறு

விசா என்பது வேறு. தங்கும் காலம் என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமை பல துன்பங்களுக்கு வித்தாகின்றது. இந்தியர்க்கு அமெரிக்கா அளிக்கும் பார்வையாளர் விசா பெரும்பாலும் பத்தாண்டுக் காலம் செல்லத்தக்கது. ஆனால் அது வாசல்வரை சென்று அனுமதி கேட்க உதவும் சீட்டேயாகும். விமான நிலையத்தில் இறங்கியபின் அங்குள்ள அதிகாரி எந்நாள்வரை தங்கலாம் என்று முடிவு செய்கின்றார். ஐ-94 என்னும் பதிவில் அத்தேதி ஏறுகின்றது. வழக்கமாக அது ஆறு மாதக் காலம். அத்தேதி கடந்துவிட்டால், கடவுச்சீட்டிலுள்ள விசாவுக்கு இன்னும் எட்டாண்டு மிச்சமிருந்தாலும், தங்குதல் முறையற்றதாகிவிடும். எந்த விசாவைக் கொண்டு உள்ளே வந்தாரோ அந்த விசாவும் பயனற்றுப் போகும்.

பெண்ணின் பிரசவத்துக்கென்று போன தாய், குழந்தை தவழும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கின்றாள். தவழ்ந்த குழந்தை நடக்கட்டும் என்கின்றாள். கடவுச்சீட்டிலுள்ள பத்தாண்டுக் கணக்கைப் பார்த்து, நாள் இருக்கின்றது என்று வீட்டாரும் நம்பிவிடுகின்றனர். இஃது அறியாமையால் நேர்ந்த பிழை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் முறைப்படி தொடங்கியது 2022 மார்ச்சிலேதான். இடையில் சிறப்பு விமானங்கள் பறந்தன. பலர் அவற்றில் திரும்பினர். கெடு முடியுமுன் நீட்டிப்புக் கோரி மனுச் செய்ய வழியும் இருந்தது. ஆயினும் முதுமை, நோய், தொற்றின் அச்சம் இவற்றால் அசையமுடியாமற்போய், மனுவும் செய்யாது விட்டவர்கள் உண்டு. இஃது இயலாமையோடு சோம்பலும் கலந்த பிழை.

கணவர் பரமபதித்தபின் ஊரிலிருந்த வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டு, இனித் திரும்புவதில்லை என்ற எண்ணத்தோடே விமானம் ஏறி, அதிகாரி கேட்டபோது மட்டும் சுற்றிப்பார்க்க வந்ததாகச் சொன்னவர்களும் இருக்கக்கூடும். இஃது அறிந்தே செய்த பிழை. அறியாமல் நேரும் பிழையையும் புத்திபூர்வமாகச் செய்யும் பிழையையும் ஆசார்யர்கள் ஒரே தராசில் நிறுப்பதில்லை. பின்வரும் ஆராய்ச்சிக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

திறந்த கதவும் மூடிய கதவும்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 1965-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 21 வயது நிரம்பிய குடிமக்களின் பெற்றோரை மிக நெருங்கிய உறவினர் என்னும் வகுப்பில் சேர்த்தது. இவ்வகுப்பினர்க்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது. உடன்பிறந்தாருக்காக மனுச் செய்தவர்கள் பல்லாண்டுக் காலம் வரிசையில் நிற்க, பெற்றோருக்கு வரிசையே இல்லை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு இவ்வுரிமை கிடையாது. குடியுரிமை பெற்றவனுக்கே உண்டு.

மற்ற வகுப்பினர் பலருக்குக் கெடு கடந்து தங்கியமை பெருந்தடையாகும். இவ்வகுப்பினர்க்கோ அச்சட்டம் ஒரு விலக்கு அளித்திருக்கின்றது. அதிகாரியின் சோதனைக்கு உட்பட்டு முறைப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவராயின், பின்னர் கெடு கடந்து தங்கியிருப்பினும், அந்நாட்டிலிருந்தபடியே நிலைமாற்றம் கோரலாம். பிள்ளை தாக்கல் செய்வது ஐ-130 என்னும் மனு. பெற்றவர் தாக்கல் செய்வது ஐ-485. கோரிக்கையை ஏற்பது அதிகாரியின் விவேகத்தைப் பொறுத்தது. மனுப் போட்டுவிட்டமையாலேயே பழைய குறை நீங்கி முறையான நிலை வந்துவிட்டதென்று எண்ணிவிடவும் கூடாது.

ஆனால் இந்தக் கதவு உள்ளே இருப்பவருக்கே திறந்திருக்கின்றது. 1996-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்கு உட்பட்ட காலம் முறையின்றித் தங்கியவர் வெளியேறினால் மூன்றாண்டுக் காலம் மீண்டும் நுழைய முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேறினால் தடை பத்தாண்டு. அத்தடைக்கு விலக்குக் கோரும் வழி ஒன்று உண்டு. அதற்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ பெற்ற வாழ்க்கைத் துணையோ, விண்ணப்பதாரரின் தாய்தந்தையரோ கடுந்துன்பம் அடைவர் என்று காட்டவேண்டும். பிள்ளை படும் துன்பம் அக்கணக்கில் சேராது. தாய்க்காக மனுச் செய்யத் தகுதியுள்ள மகன், அவளைப் பிரிந்து வாடுவான் என்பதை அச்சட்டம் ஒரு காரணமாக ஏற்பதில்லை.

இதன் விளைவு என்ன? தவறைத் திருத்திக்கொள்ள எண்ணி ஊருக்குத் திரும்பும் தாய், அத்திரும்புதலாலேயே தண்டனைக்கு ஆளாகின்றாள். எழுபது வயதினளுக்குப் பத்தாண்டு என்பது எஞ்சிய ஆயுள் முழுவதுமாகவே இருக்கலாம். எனவே அவள் அஞ்சித் தங்கிவிடுகின்றாள். உடன்பிறந்தான் திருநாட்டுக்கு எழுந்தருளினான் என்ற செய்தி தொலைபேசியில் வருகின்றது, போகமுடிவதில்லை. ஊர்ப்பெருமாளின் பிரம்மோத்ஸவத்தில் ஆண்டுதோறும் தேர்வடம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், பேரன் கைப்பேசியில் காட்டும் படத்தைப் பார்த்துக் கைகூப்புகின்றாள். வாசலில் மணி அடித்தால் யாரோ என்று திடுக்கிடுகின்றாள். பிள்ளையின் மனுவைப் பற்றிய தர்ம விசாரம் இந்தத் தாயை முன்னிறுத்தியே நடைபெறவேண்டும்.

மன்னிப்பினால் குற்றம் இல்லாததாகுமா

தன் எல்லைக்குள் யார் வரலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்று வரையறுக்கும் உரிமை எல்லா அரசுகளுக்கும் உண்டு. விருந்தினராக அழைத்த வீட்டில், சொன்ன நாளுக்கு மேல் சொல்லாமல் தங்குவது முறையன்று என்பதை எளியோரும் அறிவர். ஆகவே கெடு கடந்து தங்கியது பிழையே. சட்டம் அதைத் தடையாகக் கொள்ளாது விடுவதனால் அது பிழையில்லை என்று ஆகிவிடாது. பிழை இருந்தால்தான் பொறுத்தல் என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

காகாஸுரனுடைய வரலாறு யாவரும் அறிந்தது. பிராட்டியின் திறத்தில் அபசாரப்பட்ட அவன், பெருமாள் ஏவிய அஸ்திரத்துக்கு அஞ்சி மூவுலகும் ஓடி, எங்கும் புகலின்றித் திரும்பி வந்து திருவடியில் விழுந்தான். உயிர் காக்கப்பட்டது, ஒரு கண் போயிற்று. அருள் அவனைக் காத்தது. ஆனால் அவன் செய்தது ஒன்றுமில்லை என்று அருள் சொல்லவில்லை. கெடு கடந்து தங்கிய பெற்றோரும் அவர்தம் பிள்ளைகளும் நெஞ்சில் இருத்தவேண்டிய முதற்பாடம் இதுவே.

இரண்டாவது பாடம், பொறுத்தல் எதைப் பற்றி வருகின்றது என்பது. அந்தத் தாய் மற்றவரைக் காட்டிலும் நல்லவள் என்பதற்காகச் சட்டம் அவளுக்கு வழி விடவில்லை. அவள் ஒரு குடிமகனைப் பெற்றவள் என்ற ஸம்பந்தம் ஒன்றையே அது நோக்குகின்றது. அவளைப் போலவே கெடு கடந்து தங்கி, அவளைக் காட்டிலும் கடுமையாக உழைத்து, அத்தகைய உறவு இல்லாமையால் வழியற்று நிற்போர் அதே ஊரில் இருப்பர். ஜீவனுக்கும் பரமனுக்கும் உள்ள ஒழிக்கவொழியாத உறவே ரக்ஷணத்துக்கு வேர் என்று கொள்ளும் ஸம்ப்ரதாயத்தில் வந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. உறவினால் வந்த பேற்றைத் தன் தகுதியால் வந்ததாக எண்ணுவது அஹங்காரம். தனக்குக் கிடைத்த பொறை பிறர்க்குக் கிடைக்கலாகாது என்று பேசுவது அதனினும் தாழ்ந்தது.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும். எந்நாட்டு அரசும் எம்பெருமானுக்கு ஒப்பாகாது. அரசின் சட்டம் மனிதர் ஆக்கியது, மாறக்கூடியது, கருணையோடு கடுமையும் கலந்தது. ஆனால் பரிந்து நிற்பவன் எத்தகையவனாயிருக்கவேண்டும் என்பதை அறிய அவ்வுவமை பெரிதும் உதவும்.

புருஷகாரமாக நிற்பவருக்கு மூன்று குணங்கள் வேண்டுமென்று ஸ்ரீவசன பூஷணம் வகுக்கின்றது. அவை கிருபை, பாரதந்த்ரியம், அநந்யார்ஹத்வம் என்பன. பிறர் துன்பம் பொறாமை கிருபை. தலைவனுக்கு உட்பட்டு நிற்றல் பாரதந்த்ரியம். மற்றொருவருக்கோ மற்றொரு பயனுக்கோ உரியதாகாமை அநந்யார்ஹத்வம். பெற்றோருக்காக மனுச் செய்யும் பிள்ளையிடத்தும் இம்மூன்றின் சாயல் இருக்கவேண்டும்.

கிருபை

இலங்கையில் தன்னை வருத்திய அரக்கியரைத் தண்டிக்க அனுமன் அனுமதி வேண்டியபோது பிராட்டி இசையவில்லை. அரசன் ஆணைக்கு அடங்கிச் செய்தவர்கள் அவர்கள் என்றும், பிழை செய்யாதார் எவருமில்லை என்றும் கருதிப் பொறுத்தருளினாள். தன்னைத் துன்புறுத்தியவர்களுக்கே அவ்வளவு பரிவு காட்டப்பட்டதென்றால், பத்து மாதம் சுமந்தவளிடம் பிள்ளை காட்டவேண்டிய பரிவுக்கு அளவேது?

பெரும்பாலான இல்லங்களில் தாய் கெடு கடந்து தங்கியதற்குப் பிள்ளையும் ஒரு காரணமாயிருக்கின்றான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இன்னும் ஒரு மாதம் இரு என்று கேட்டவன் அவன். தேதியைக் கவனிக்கவேண்டியவனும், படிவங்களைப் படித்துப் புரிந்துகொள்ளத்தக்கவனும் அவனே. தாய் நம்பியது அவனது சொல்லை. பழியை மட்டும் அவள் தலையில் ஏற்றி, அவளை மீட்கும் வேலையைத் தன் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்வது நியாயமாகாது. இத்தகைய இல்லத்தில் மனுச் செய்வது தானமன்று, கடன் தீர்ப்பது. ஆண்டுக்கணக்கில் அவளை அச்சத்தில் வைத்துவிட்டு, செலவுக்கு அஞ்சியோ, தொல்லைக்கு அஞ்சியோ, பார்த்துக்கொள்ளலாம் என்று நாள் கடத்துவது கிருபைக்கு நேர்மாறானது.

பாரதந்த்ரியம்

கிருபை மிகுந்தவன் சில வேளை பொய்யும் சொல்லத் துணிவான். அதைத் தடுப்பதற்கே இரண்டாவது குணம் வேண்டியதாகின்றது. குடியுரிமை பெற்ற நாளில் அந்நாட்டின் அரசியலமைப்பையும் சட்டங்களையும் காப்பதாகப் பிள்ளை ஆணையிட்டிருக்கின்றான். அவ்வாணைக்கு உட்பட்டு நின்றே அவன் தாய்க்காகப் பேசவேண்டும்.

மனுப் படிவங்கள் பல கேள்விகளைக் கேட்கின்றன. எப்பொழுது வந்தீர், எந்நாள்வரை அனுமதி இருந்தது, அனுமதியின்றி ஊதியத்துக்கு வேலை செய்ததுண்டா, அதிகாரியிடம் பொய் கூறியதுண்டா என்பன அவற்றுட் சில. கெடு கடந்து தங்கியமையை மறைக்கவேண்டிய தேவையே பெற்றோருக்கு இல்லை. அதைத்தான் சட்டம் தடையாகக் கொள்ளவில்லை. மறைக்க முயன்று, முக்கியமான செய்தியில் அறிந்தே பொய் உரைத்தால், அப்பொய்யே வாழ்நாள் தடையாகிவிடும். அதற்கு விலக்குப் பெறவும் வாழ்க்கைத் துணையோ, விண்ணப்பதாரரின் பெற்றோரோ வேண்டும். பிள்ளையின் உறவு அங்கும் உதவாது. பொறுக்கப்படக்கூடிய பிழையை, அதை மறைக்கச் சொன்ன பொய் பொறுக்கப்படாததாக்கிவிடுகின்றது.

விபீஷணாழ்வான் கடற்கரைக்கு வந்து வானில் நின்றபோது தன்னை எவ்வாறு அறிவித்துக்கொண்டான்? இராவணன் கொடியவன் என்றும், தான் அவனுக்குத் தம்பி என்றும் முதலிலேயே சொன்னான். தனக்குப் பாதகமான செய்தியை முன்வைத்துப் பின்னரே புகல் கேட்டான். ஸுக்ரீவன் ஐயுற்றான், அவனை ஏற்கலாகாதென்று தடுத்தான். தன் தலைவனைக் காக்க நின்றவனுக்கு அந்த ஐயம் குற்றமாகாது. அனுமன் நன்மொழி கூறினான். பெருமாள் அபயம் அளித்தார். இன்னொரு நாட்டு அதிகாரி, கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, நேர்காணலில் வைத்துத் துருவிக் கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளாமல், ஸுக்ரீவனின் கேள்வியாகக் கொண்டு மெய் சொல்வதே தக்கது. தன் குறையை ஒளியாது தாழ்ந்து நிற்கும் கார்ப்பண்யம் சரணாகதியின் அங்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

அப்படியானால் திரும்பும் எண்ணமின்றியே பார்வையாளராக நுழைந்தவரின் நிலை என்ன? அங்கே பிழை கெடு கடந்த நாளில் தொடங்கவில்லை; வாசலில் சொன்ன சொல்லிலேயே தொடங்கிவிட்டது. திருநாமத்தின் பலத்தை நம்பிப் பாபம் செய்வதை நாமாபராதங்கள் பத்தில் ஒன்றாகப் பெரியோர் எண்ணுவர். பின்னால் பொறுக்கப்படும் என்ற கணக்கோடு முன்னால் பொய் சொல்வதும் அவ்வகையிலேயே சேரும். இதற்கு மேலும் ஒரு பொய்யைச் சேர்க்காமல், தேர்ந்த வழக்கறிஞரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் காட்டும் நேர்வழி எதுவோ அதில் நிற்பதே எஞ்சிய தர்மம். அந்த வழி ஊருக்குத் திரும்பும் வழியாகவும் இருக்கலாம். இன்னும் விமானம் ஏறாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதனினும் எளிய வழி உண்டு. நிரந்தரமாக அழைத்துக்கொள்வதே விருப்பமாயின், அவர்கள் ஊரிலிருக்கும்போதே முறைப்படி மனுச் செய்து, தூதரகத்தின் வழியே வரவழைக்கலாம். சிறிது காத்திருக்கவேண்டியிருக்கும், அஞ்சவேண்டியிராது.

அநந்யார்ஹத்வம்

மூன்றாவது குணமே ஆராய்ச்சிக்கு மிக அரியது. பரிந்து நிற்பவனுக்குத் தன் பயன் என்று ஒன்று இருக்கலாகாது. பிள்ளை மனுச் செய்வது தாயின் நலத்துக்காகவா, தன் இல்லத்தின் வசதிக்காகவா? இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டவும், பள்ளியிலிருந்து வந்ததும் கதவைத் திறக்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கின்றது. தாய் இருந்தால் செலவு மிச்சம். இந்தக் கணக்கு ஒருவர் வாயிலும் வருவதில்லை. ஆயினும் சில நெஞ்சங்களில் இருப்பதுண்டு.

ஆகவே எந்தப் படிவத்தையும் நிரப்புமுன் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "அம்மா, உனக்கு எங்கே இருக்க இஷ்டம்?" என்று தனியே அமர்ந்து, நேரம் கொடுத்து, விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் கேட்கவேண்டும். உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய் என்றுதான் பெரும்பாலான தாய்மார் விடை சொல்வர். அவ்விடையோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளை கேட்டவனாகமாட்டான். ஊரிலுள்ள வீடு, உறவு, ஸந்நிதி, மொழி, அங்கே கவனிப்பார் உண்டா இல்லையா, இங்கே பகல் முழுவதும் தனிமையா என்பனவற்றை எல்லாம் அவளோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவேண்டும். பத்தாண்டுத் தடை வந்தாலும் வரட்டும், என் மண்ணில்தான் என் காலம் கழியவேண்டும் என்று ஒரு தாய் தெளிந்து சொன்னால், அவளை அங்கே கொண்டுவிட்டு, ஆண்டுதோறும் தானே சென்று பார்ப்பதும் தர்மமே. அதைப் பிள்ளை தன் தோல்வியாக எண்ணவேண்டியதில்லை.

புண்டரீகன் தாய்தந்தையர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது பகவான் வாசலில் வந்து நின்றான். ஒரு செங்கல்லை இட்டு, அதன்மேல் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பணிவிடையைத் தொடர்ந்தான் புண்டரீகன் என்பது பண்டரீபுரத்து வரலாறு. கடவுளையே காக்க வைத்த அந்தப் பணிவிடையில் அவனுக்கென்று ஒரு பயன் இருந்ததாக வரலாறு கூறவில்லை.

கையெழுத்துக்குப் பின்

தாய் இருக்கவே விரும்பினாள், மெய்யே உரைத்து மனுவும் செய்தாயிற்று என்று கொள்வோம். அப்பொழுது பிள்ளை ஐ-864 என்னும் பொறுப்புப் பத்திரத்திலும் கையெழுத்திடுகின்றான். தாயையும் சேர்த்துக் கணக்கிட்ட குடும்பத்துக்கு, அரசு வகுத்த வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானம் இருப்பதை அவன் காட்டவேண்டும். போதாவிடில் இன்னொருவர் இணைந்து பொறுப்பேற்கலாம். அப்பொறுப்பு ஓரிரு ஆண்டில் முடிவதன்று. தாய் குடியுரிமை பெறும்வரையோ, 40 காலாண்டு உழைப்பு அவள் கணக்கில் சேரும்வரையோ, அவள் அந்நாட்டைவிட்டு நிரந்தரமாக நீங்கும்வரையோ, அவளுடைய வாழ்நாள்வரையோ அது நிற்கும். இந்தியாவிலும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் கடமையாக்கியிருக்கின்றது. அன்பினால் செய்யவேண்டியதை இரு நாடுகளும் எழுத்தில் வாங்கவேண்டியதாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மனு நிலுவையில் இருக்கும்போது முன்னனுமதி பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் பொதுவாக மனு கைவிடப்பட்டதாகிவிடும். 1996-ஆம் ஆண்டுத் தடையும் வந்து சூழும். ஊரில் எது நேர்ந்தாலும் அக்காலத்தில் பொறுத்திருக்கவேண்டும் என்பதைத் தாய்க்கு முன்பே விளங்கச் சொல்லிவிடவேண்டும். கிரீன் கார்டு கைக்கு வந்தபின் ஊர் வந்து திரும்பலாம். எனினும் ஓராண்டுக்கு மேல் வெளியில் தங்குவதாயின் மறுநுழைவு அனுமதி முன்பே பெற்றிருக்கவேண்டும். கிடைத்த உரிமையும் ஒரு கட்டுத்தான் என்பதை மறவாதிருத்தல் நலம்.

பலருடைய கவனம் அட்டை வந்த நாளோடு முடிந்துவிடுகின்றது. தாயின் வாழ்வு அன்றுதான் அச்சமின்றித் தொடங்குகின்றது. அவளுக்குக் கைச்செலவுக்குப் பணம், தன் வயதினரோடு பேசிப் பொழுதுபோக்க ஓரிடம், வாரத்தில் ஒருநாளேனும் பெருமாள் ஸேவை, மருத்துவத்துக்கு உரிய காப்பீடு இவை வேண்டும். முதல் வாய்ப்பிலேயே அவளை ஊருக்கு அழைத்துவந்து, இழந்த ஆண்டுகளில் காணாமற்போன முகங்களில் எஞ்சியவற்றையேனும் காட்டவேண்டும். உடன்பிறந்தானின் இல்லத்தில் துக்கம் விசாரித்து, ஊர்ப்பெருமாளின் திருமுன்பு நின்று தீர்த்தமும் சடாரியும் பெற்றால் அவள் நெஞ்சின் பாரம் சற்றுக் குறையும்.

இதுவரை கண்டவற்றால் தேறும் முடிவு இது. கெடு கடந்து தங்கியது பிழை. அப்பிழையைப் பொறுக்கச் சட்டம் வழி வைத்திருக்கும்போது, பெற்றவளுக்காக அவ்வழியில் சென்று நிற்பது பிள்ளைக்கு அதர்மமாகாது. பல இல்லங்களில் அது தவிர்க்கலாகாத கடமையுமாகும். ஆனால் அது தர்மமாவது, தாயின் துன்பம் கண்டு இரங்கி, மெய்யினின்று வழுவாது, தன்பயன் கருதாது செய்யும்போதே. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனு வெல்லலாம், தர்மம் தோற்றுவிடும்.

பிரிந்து வாழும் பெற்றோரும் பிள்ளைகளும் அச்சம் நீங்கி, ஒருவரையொருவர் கண்ணாரக் கண்டு, ஒருங்கே திருவிழா ஸேவிக்கும் பேற்றைப் பெரிய பிராட்டியாரோடு கூடிய எம்பெருமான் யாவர்க்கும் அருள்வானாக.